செருப்பை வெளியே விடவும்

புதுச்சத்திரம் நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், எண்பத்தெட்டு. தூசி ஆகாதென்று அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. அன்று பகல் இரண்டே முக்காலுக்கு வாசலில் இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று ஆபரேட்டர் சௌந்திரத்துடையது, இன்னொன்று மேனேஜர் வெள்ளியங்கிரியுடையது.

போன வாரம் பஞ்சு குடோனில் தீப்பிடித்து, அங்கே வேலை பார்த்த ஆராயி கருகிச் செத்தாள். வேலை முடியும்வரை யாரும் வெளியே வரக்கூடாதென்று கதவை வெளியே தாழ் போட வைத்தவர் இந்த வெள்ளியங்கிரிதான். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார்.

“ஆராயி வருகை ஃபைலை அழிச்சுப்போடு. மிச்சத்தைப் பிளாப்பியில ஏத்திக் குடு. அவ அன்னிக்கு வேலைக்கே வரலை, தெரியுதா?” என்றார் வெள்ளியங்கிரி.

கேட்டில் ஆராயியின் புருஷன் காளியப்பன் காலையிலிருந்து நிற்கிறான். “அவ வேலைக்கு வந்தான்னு மட்டும் சொல்லுங்க சாமி” என்று அவன் கேட்டது சௌந்திரத்தின் காதிலேயே இருந்தது. இருந்தும் வேலை போய்விடுமே என்று பயந்து அழித்தாள். அழித்த விரல்கள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மிச்ச ஃபைல்களைப் பிளாப்பியில் ஏற்றும் காப்பி கட்டளையைத் தட்டினாள். பக்கத்துப் பெட்டியில் பிளாப்பி கரகரவென்று சுழன்றது. ஏறுகிற ஃபைல்களின் பெயர்கள் திரையில் வரிவரியாக வந்தன.

நாலாவது வரியில் ஆராயி.

“அழிக்கச் சொன்னேன்ல?”

“அழிச்சுட்டேனுங்க சார்.”

மறுபடி அழித்து, மறுபடி தட்டினாள். இந்த முறை எல்லா வரியிலும் ஆராயி.

கரண்ட் போனது. திரை அணைந்தது.

பிளாப்பி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

கருகிய பஞ்சு நாற்றம் மூக்கில் ஏறியது. வெள்ளியங்கிரி ஓடிப்போய்க் கதவை இழுத்தார். திறக்கவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

“நானில்லீங்க... மொதலாளி சொன்னாருங்க...” என்று முனகினார். ஆராயி உயிரோடு இருந்தவரை அவளிடம் ஒரு நாள்கூட மரியாதை கொடுத்துப் பேசாத மனுஷன்.

சௌந்திரம் பிளாப்பியை உருவினாள். அவள் கை பட்டதும் கதவு திறந்தது; அவள் வெளியேறியதும் வெள்ளியங்கிரி முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. வெறுங்காலோடு கேட்டுக்கு ஓடி, ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டரிடம், காளியப்பன் கண்ணெதிரே நீட்டினாள்.

“ஆராயி அன்னிக்கு வேலையில இருந்தாங்க சார். இதுல இருக்குது.”

செருப்பெடுக்கத் திரும்பி வந்தபோது அறைக்கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. அவள் போடவில்லை. உள்ளிருந்து வெள்ளியங்கிரி தட்டிக்கொண்டிருந்தார்.

தாழை நீக்கக் குனிந்தவள் வாசலைப் பார்த்தாள்.

மூன்று ஜோடி கிடந்தன. மூன்றாவது, வாரில் ஊக்குக் குத்திய ஆராயியின் ரப்பர் செருப்பு. பாதி உருகி, இன்னும் சூடாக இருந்தது.

சௌந்திரம் தாழிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, தன் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தாள். ஆராயி உள்ளேதான் இருந்தாள்.