அடுத்த பெயர்

நோர்வூட்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் துஷாந்துக்கு,

போனில் சொன்னால் உங்கள் அக்கா காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன வேனை ஓட்டியது நுஸ்கி தம்பி. பக்கத்தில் நான். நடுச் சீட்டில் சின்னவள் தனுஜா, அவளை அடுத்து உங்கள் அக்கா லோஜினி. சன்னலோரம் யாரும் உட்காரவில்லை. அங்கே நிலக்ஷியின் சிவப்பு ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது.

நானுஓயா தாண்டியதும் லோஜினி சொன்னாள்: “மெதுவா வளைங்க தம்பி. புள்ளைக்கு வாந்தி வரும்.”

தனுஜாவுக்கு வாந்தி வராது. போன வருடம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மூத்தவள் நிலக்ஷிக்குத்தான் வரும். நுஸ்கி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார்.

ஹோர்ட்டன் சமவெளியில் மரை மான் பார்க்க வேண்டும் என்பது நிலக்ஷியின் ஆசை. அதற்காகத்தான் லோஜினி பிடிவாதம் பிடித்தாள்.

பூங்கா வாசலில் காவலர்கள் பைகளைத் திறந்து, சோற்றுப் பார்சலின் பொலித்தீனை எடுத்துவிட்டுக் காகிதம் தந்தார்கள். ஸ்வெட்டரைப் பார்த்த காவலாளி, இதைப் போடும் பிள்ளை எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். முன்னால் ஓடிவிட்டாள் என்று லோஜினி சிங்களத்திலேயே சொல்லிச் சிரித்தாள்.

புல்வெளியில் ஒரு மரை நின்றது. “இதுக்கா அக்கா அவ்வளவு அழுதா? நம்ம லயத்து மாடு கணக்கால்ல இருக்கு!” என்றாள் தனுஜா. வெகுநாளைக்குப் பிறகு நான் சிரித்தேன்.

உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பில் நிற்கும்போது வெயில்தான். பாதாளத்தில் தேயிலைத் தோட்டம் பாய் விரித்தது போலத் தெரிந்தது. பிறகு பனிமூட்டம் ஏறியது. ஈரப்புல் வாசம். பறவைச் சத்தம் நின்றது. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

மலையில் கொழுந்து எடுக்கும்போது பனி மூடினால் பெண்கள் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். ஒருத்தி பதில் கொடுக்கும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் லோஜினி பிள்ளைகளைக் கூப்பிட்டாள். மூத்தவளிலிருந்து.

“நிலக்ஷீ...”

அவள் நின்ற பக்கம் கைகளால் துழாவினேன்.

“நிலக்ஷீ...”

பதில் வராமல் அவளால் அடுத்த பெயருக்குப் போக முடியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“இந்தா இருக்கேன்ம்மா!”

பாதைப் பக்கமிருந்து அல்ல. விளிம்புக்கு அப்பால், தரையே இல்லாத பக்கமிருந்து.

லோஜினி அந்தப் பக்கம் நடந்தாள். சேலை முந்தானைதான் என் கையில் அகப்பட்டது. என் பலம் போதவில்லை மச்சான்.

தனுஜா அழுதுகொண்டே கத்தினாள்: “அம்மா! அக்கா பதில் சொல்லிட்டா. அடுத்தது என் பேரு. என்னையக் கூப்பிடுங்க!”

லோஜினி நின்றாள்.

“தனுஜா...” என்றாள், மெல்ல.

“இந்தா இருக்கேன்ம்மா!”

அப்படித்தான் அவளைத் திருப்பிக் கூட்டி வந்தோம்.

வைத்தியம் பார்க்க அக்காவைக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னீர்கள். யோசிக்கிறேன் என்றேன். இனி யோசிக்க ஒன்றுமில்லை. வந்து தனுஜாவையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள்.

இன்று விடிந்ததிலிருந்து எங்கள் லய வீடுகளைப் பனி மூடியிருக்கிறது. சற்றுமுன் வெளியே கூப்பிடும் சத்தம் கேட்டது.

“அம்மா...”

“இந்தா இருக்கேன் புள்ள!” என்று லோஜினி வாசலுக்கு ஓடினாள். எத்தனை சந்தோஷம் அந்த முகத்தில்.

சத்தம் அடுத்த பெயருக்கு வந்தது.

“அப்பா...”

தபாலில் போட இந்தக் கடிதத்தை வாங்கிப் போக வந்த நுஸ்கி கதவோரம் நிற்கிறார். “அண்ணே, யாரோ புள்ள உங்களத்தான் கூப்பிடுது. பதில் சொல்லுங்களேன்,” என்கிறார்.

என் பிள்ளையின் குரல், மச்சான். வாயைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். நான் பதில் சொன்னால் அடுத்த பெயர் தனுஜா.

உறையை ஒட்டி நுஸ்கியிடம் கொடுக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

இன்னும் கூப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
ஜெயகாந்தன்