தொண்ணூற்றேழாவது பெயர்

முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். தொண்ணூற்றாறு பெயர்களைக் கல்லில் வெட்டியதற்கு, பெயருக்கு நானூறு வீதம், வேலையைக் குத்தகைக்கு எடுத்த மேஸ்திரி, கல்வெட்டுக்காரருக்குத் தர வேண்டிய கூலி அது. கல்வெட்டுக்காரர் செத்து நாற்பது நாளாகிவிட்டது. அந்தப் பணமோ மேஸ்திரி வீட்டு மாடியில் தரைக்கல்லாகப் படுத்துக் கிடந்தது.

வேலை நடந்த இடம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். நன்கொடைப் பணத்தில் வளாகமே புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. நடைபாதை, விளக்குக் கம்பம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புது ஜெபக்கூடம். பணம் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் போடச் சொல்லவில்லை. இறந்துபோன தாய், தகப்பன், பிள்ளை பெயரை எழுதித் தந்தார்கள். ஜெபக்கூடத்தின் கறுப்புக் கல் சுவரில் அந்தத் தொண்ணூற்றாறு பேரும் வரிசையாக நின்றார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை, சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமென்று மேஸ்திரி வந்தார். கூட்டுகிற அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள யாருண்ணே இன்னும் கொத்துறது? மூணு தடவை கூட்டிட்டேன். தூசி வந்துக்கிட்டே இருக்கு."

"வயசானா காதுல அப்படித்தான் என்னென்னமோ கேக்கும்."

"காது போச்சுன்னே வச்சுக்குங்க. இதைக் கண்ணால பாருங்க."

முறத்தில் சாம்பல் நிறக் கல்தூள், சலித்த மாவு போலக் குவிந்திருந்தது.

உள்ளே புது வார்னிஷ் வாசனை. அதற்கடியில் ஈரக் கல்லின் வாசனை. அதற்கும் அடியில் மெலிசாக, இனிப்பாக, இருமல் மருந்தின் வாசனை. கல்வெட்டுக்காரர் நாலு எழுத்துக்கு ஒரு மூடி குடிப்பார். கல்தூசி அவர் நெஞ்சை அரித்திருந்தது.

டக். டக். டக்.

மேஸ்திரி திரும்பினார். யாரும் இல்லை.

கடைசி வரிசைக்குக் கீழே, வெறுங்கல்லாக விட்டிருந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. அதே கை, அதே ஆழம். அது மேஸ்திரியின் பெயர். கடைசி எழுத்து மட்டும் வெட்டப்படாமல் சாக்கட்டிக் கோடாக நின்றது.

"என்ன மேஸ்திரி இது?" பின்னால் வந்து நின்ற வளாகப் போதகர் கண்ணாடியை மேலே தள்ளினார். "தொண்ணூத்தாறுதானே கொடுத்தோம்? உயிரோட இருக்கிறவங்க பேரு இந்தச் சுவத்துல ஏறாதுங்க. நாளைக்குள்ள எடுத்துடுங்க."

அவர் போனதும் மேஸ்திரி பசையைக் குழைத்து எழுத்துகளை அடைத்தார். தேய்த்து மெருகேற்றினார். கையை எடுத்ததும் எழுத்துகள் பசையைத் துப்பின.

தொண்டை காந்தியது. இருமினார். கைக்குட்டையில் விழுந்தது சளி இல்லை.

கல்தூள்.

ஆஸ்பத்திரிச் சீட்டோடு கல்வெட்டுக்காரர் எட்டுத் தடவை வந்து நின்றிருந்தார். நன்கொடை முழுசாகக் கைக்கு வந்த பிறகும் மேஸ்திரி, "பணம் இன்னும் இறங்கலப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாவது தடவை சிரித்தபடியே, "கல்லு எங்க போகப்போகுது? நீதான் எங்க போகப்போற?" என்று அனுப்பிவிட்டார்.

காதோரம் ஈரமான ஒரு மூச்சு பட்டது.

"எங்கயும் போகல, மேஸ்திரி."

அவர் ஓடினார். வங்கிக்கு ஓடி, அங்கிருந்து கல்வெட்டுக்காரர் வீட்டுக்கு ஓடினார். ஒற்றை அறை வீடு. கல்வெட்டுக்காரரின் மனைவி ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணிக்க தங்கச்சி. பைசா குறையாது."

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளாக எண்ணினாள். கிழிந்த தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினாள். பணத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"சரியா இருக்கு. கடன் தீர்ந்துச்சு."

மேஸ்திரிக்கு அப்போதுதான் மூச்சு இறங்கியது. "அப்ப அவரு என்னை விட்டுடுவாருல்ல?"

"வேலையைப் பாதியில விடுற ஆளா அவரு?" அவள் ஊசியில் நூல் கோத்தாள். "எந்த வேலைன்னாலும் கடைசி எழுத்தை மட்டும் வெட்டாம வச்சிருப்பாரு. கூலி கைக்கு வந்த பிறகுதான் வெட்டுவாரு. ஜெபம் பண்ற இடமாச்சேன்னு உங்களை நம்பி, அந்த ஒரு தடவைதான் முழுசா முடிச்சுக் கொடுத்தாரு."

கடைசி எழுத்தின் சாக்கட்டிக் கோடு மேஸ்திரியின் கண்முன் வந்து நின்றது.

"தங்கச்சி, அந்தப் பணத்தைத் திருப்பிக் குடு."

"வாங்கின கூலியை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?"

டக்.

அது ஜெபக்கூடத்தில் கேட்டதா, தன் நெஞ்சுக்குள் கேட்டதா என்று அவருக்குப் புரியவில்லை.

டக்.

இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. உதட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வழிந்து தரையில் கொட்டியது.

டக்.

பிறகு சத்தம் நின்றது.

அவள் சுவரோரம் இருந்த நோட்டை எடுத்து, முப்பத்தெட்டாயிரத்து நானூறு என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தாள். தட்டொன்றை எடுத்துத் துடைத்து வைத்தாள். மேஸ்திரி சுருண்டு கிடந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. வாசலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க. சோறு போடுறேன்."

வெளியே தொட்டியில் யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.