குதிகாலில் ஒரு கொப்புளம்

“செத்தவனுக்குச் சூடு போட்டா கொப்புளம் வருமாக்கா?”

போன வாரம் தோளில் தையல் போடும்போது வாள்வீரன் ஹிலாஸ் கேட்டான். “உயிர் இருந்தாத்தான்டா வரும்,” என்று சிரித்தாள் ஹெல்வியா. வாள்பள்ளியில் காயம் தைப்பவள் அவள். வீட்டுக்குப் போய்த் தம்பி புதென்ஸிடம் அதைச் சொல்லியும் சிரித்தாள்.

இன்று ரோமானிய நகரமான கபுவாவின் அரங்கம். விடிந்து நான்காம் மணி. வாள் படாமலே ஹிலாஸ் மணலில் சாய்ந்தான். மெர்க்குரி தேவன் வேஷத்தில் புதென்ஸ் வந்து, செத்துவிட்டானா என்று சோதிக்க, வழக்கப்படி, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அவன் குதிகாலில் வைத்தான். உடல் அசையவில்லை. பிணவாசல் வழியே பிணவறைக்குத் தூக்கிப் போனார்கள்.

ஐந்தாம் மணி. சமையல்காரி நோனியாவுக்கு விலங்கு மாட்டியாயிற்று. வீரர்களுக்கு வலுவூட்ட அவள் கலக்கும் சாம்பல் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் ஹிலாஸ் களமிறங்கினான்.

“விஷம்தான். மத்தியானம் இவளக் கரடிக்குப் போடு,” என்றார் பள்ளி முதலாளி காலவியுஸ்.

“நான் ஒரு தடவ பிணத்தப் பாத்துடறேன், எசமான்.”

“பாத்து எழுப்பிடப் போறியா?”

பிணவறையில் ஹெல்வியா குனிந்தாள். தோளில் பழைய தையல். வேறு கீறல் இல்லை. குதிகாலில் சூடு, சுற்றிலும் சிவப்பு, நடுவே நீர் கோத்த கொப்புளம். தலைமாட்டில் கருகிய முடி நாற்றம்.

“இங்க யாரு வந்தது?”

“புதென்ஸ் மட்டும்தான்,” என்றான் காவலாள்.

வாசலில் வேஷம் கலைக்காமல் தம்பி நின்றான். விலங்கோடு நோனியா நின்றாள். ஹெல்வியா இருவரையும் பார்த்தாள்.

“விஷமில்ல, எசமான். கம்பி வைக்கும்போது இவனுக்கு உயிர் இருந்திருக்கு. இல்லேன்னா ஏது கொப்புளம்? செத்தவன் மாதிரி வெளிய போயித் தப்பிக்கப் பாத்திருக்கான். வலிய முழுங்கிக்கிட்டுக் கிடந்திருக்கான்.”

“அப்புறம் எப்படிச் செத்தான்?”

பிடரி முடியை விலக்கினாள். விளிம்பு கரிந்த சின்னத் துளை.

“அதே கம்பி. தீஞ்சதால ரத்தம் வரல. சூடு வச்சது காலுல, தலமுடி ஏன் கருகணும்? உள்ள வந்தது ஒரே ஆளு. என் தம்பி.”

புதென்ஸ் முகமூடியைக் கழற்றினான். “நோனியாவக் கூட்டிட்டு ஓட இருந்தான். என்னக் கட்டிக்கன்னு நான் அவள மூணு தடவ கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.”

“பொய்ச்சாவுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“நீதானக்கா சொன்ன, அவன் கேட்ட கொப்புளக் கத. உள்ள வந்து அவன் காலப் பாத்தேன்.”

காலவியுஸ் கொட்டாவி விட்டார். “சரி, கரடிக்கு ஆள் மாறியாச்சு. அவள அவுத்து விடு. கஞ்சி யாரு காய்ச்சறது?”

விலங்கு விழுந்தது. நோனியா தன் மேல்துண்டை எடுத்து ஹிலாஸின் பாதத்தை மூடினாள்.

“நோனியா, நான் அவங்கிட்ட வேணும்னு சொல்லல...” என்றாள் ஹெல்வியா.

நோனியா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெளியே நடந்தாள்.