அடுத்த எழுத்து

நாலு வருஷமாகத் தணிகைவேல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதுவரை வந்தது 'போ' என்ற ஒரே எழுத்து.

கோவையில் உளப்படி நிலையம் திறந்த புதிதில், இறந்தவர் மூளையின் கணினிப் பிரதியான உளப்படியை ஓட்ட அங்கே ஒற்றைக் கணினிதான் இருந்தது. ஒரு நரம்பணுவின் கணக்கை முடித்த பிறகுதான் அது அடுத்ததைத் தொடும். எல்லா அணுக்களையும் ஒருமுறை சுற்றிவர ஒரு நாள். தணிகைவேலின் ஒரு நொடிக்கு அப்படி ஆயிரம் சுற்று வேண்டும்.

சட்டப்படி ஒவ்வொரு உளப்படியிடமும் தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். மனைவி சுகந்திதான் கேட்டாள். "ஏனுங்க, இருந்தது போதுங்களா?" அதைக் கேட்டு முடிக்கவே அவருக்கு நாலு வருஷம் ஆனது. போதும் என்றால் நிரந்தரமாக அழித்துவிடுவார்கள். போதாது என்றால் அவர் இருப்பார்.

இந்த வாரம் இணைக் கணினி வந்தது. அதனுள் நாற்பதாயிரம் செயலிச் சில்லுகள் மூளையைப் பங்கு போட்டு ஒரே நேரத்தில் கணக்கிடும். 'போ' வரை வந்திருந்த நிலையை அப்படியே அதில் ஏற்றினாள் இயக்குநர் நிலோஃபர்.

"போதும்" என்றது அவர் குரல்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா?

விதிப்படி அதே நிலையிலிருந்து இரண்டாம் முறையும் ஓட்டினாள் நிலோஃபர். "போதாது" என்றது அதே குரல்.

ஏழு முறை ஓட்டியாயிற்று. நாலு போதும், மூன்று போதாது.

"மெஷின் கெட்டுப்போச்சா கண்ணு?"

"இல்லம்மா. எந்தச் செயலி முதல்ல முடிக்குதோ, அதோட விடையை முதல்ல கூட்டுது. ஒவ்வொரு கூட்டல்லயும் கடைசி தசமத்தை வெட்டியாகணும். வரிசை மாறினா வெட்டுற துளியும் மாறும். அவர் அந்தத் துளி அளவுலதான் தயங்கியிருக்காரு."

"பழைய கணினி என்ன சொல்லும்?"

"எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே பதில்தான். ஆனா அது நாங்க அணுக்களுக்கு நம்பர் போட்ட வரிசைம்மா. அவர் தலைக்குள்ள யாரும் நம்பர் போடலையே."

சுகந்தி கணினியின் பக்கம் திரும்பினாள். "அவரு சாப்பிடறப்பவும் இப்படித்தான்" என்றாள். "வாயில போதும்பாரு. நான் போட்டுட்டே இருப்பேன். தட்டு மேல கையை வெச்சு மறைச்சாத்தான் நெசமா போதும்னு அர்த்தம். முப்பது வருஷம் நான் வார்த்தையைக் கேட்டதே இல்ல, கையைத்தான் பார்த்தேன். இதுல கை எங்கிருக்கு கண்ணு?"

உளப்படியில் குரலுக்கு மட்டும்தான் வழி வைத்திருந்தார்கள். பதில் முரண்பட்டால் வாழ்க்கைத்துணை முடிவு செய்யலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. நிலோஃபர் படிவத்தை எடுத்தாள். அதிலிருந்த கேள்வியைப் படிக்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"உங்களுக்குப் போதுமாம்மா?"

எட்டு வருஷக் களைப்பு சுகந்தியின் முகத்தில் தெரிந்தது. முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"போ..."

அடுத்த எழுத்து வரவில்லை. நிலோஃபர் குனிந்து அவள் கையைப் பார்த்தாள். அது மடியிலேயே கிடந்தது.