நான்கு விநாடிச் சிரிப்பு

யாரும் சிரிக்கக் கூடாத இடத்தில் ஒரு குழந்தை சிரித்தது.

ஒலிக்கோர்வை அறையில் இருந்த அவள் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அவள் சிரிப்பொலி சேர்த்துக்கொண்டிருந்த டிவி நகைச்சுவைத் தொடரில் வரும் அப்பா, வேலை போய்விட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கும் இடம் அது. அங்கே போய்ச் சிரிப்பு வைக்க அவளுக்கென்ன பைத்தியமா? ஆனாலும் கேட்டது. மூக்கில் தொடங்கி வயிற்றில் முடியும் சின்னச் சிரிப்பு. அவளுடைய எட்டு வயது மகளுடையது.

தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை. ஏசியின் உறுமலும், சூடேறிய வயர்களின் நாற்றமும், பாதி குடித்து வைத்த காபியின் புளித்த வாடையும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, வெளியே கொளுத்தும் மதியத்தின் ஒரு சத்தத்தைக்கூடச் சுவரின் பஞ்சுத் தடுப்பு உள்ளே விடவில்லை. பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி. சிரிப்பே வராத நகைச்சுவைக்குச் சிரிப்பு வைக்கிற பிழைப்பு. கடைசியாக எப்போது சிரித்தாய் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அவள் வைக்கும் சிரிப்பெல்லாம் ஒரு பழைய ஒலித் தொகுப்பிலிருந்து எடுப்பது. தொலைக்காட்சி புதிதாக வந்த காலத்தில் ஓர் அரங்கில் ஜனங்களை உட்காரவைத்து, ஒரு கோமாளியை வாய் பேசாமல் சேஷ்டை பண்ணவைத்துப் பதிந்தது. வசனம் குறுக்கே வராதல்லவா! அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. இருமல்காரர், விக்கல் அக்கா, தொடையில் தட்டும் மாமா. அநேகமாக எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர் சிரிப்பை அந்தத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. ஏன் என்று யாரும் சொன்னதில்லை.

போன வாரம் டைரக்டர் அவள் உயிரை எடுத்தார். "எல்லாம் கிழடுங்க சிரிப்பாவே இருக்கு. ஒரு குழந்தை சிரிப்பு போடுங்களேன்."

தொகுப்பில் குழந்தையே இல்லை. வீட்டில் மகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி, நான்கு விநாடி பதிந்து, சேர்த்துவிட்டாள். அந்தப் பேச்சை மறந்தது அசதிதான், வேறென்ன.

இப்போது அந்தச் சிரிப்பை வெட்டினால் அடுத்த காட்சியில் இருந்தது. அங்கே வெட்டினால் அதற்கடுத்த காட்சியில். மகள் சிரிக்கும்போதெல்லாம் பழைய ஆட்கள் அடங்கிப்போனார்கள். விக்கல் அக்கா பாதி விக்கலில் நின்றாள். எல்லோரும் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. கணவன்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க."

"ஒரு வாரமா பாப்பா சிரிக்கவே இல்லைன்னு புலம்பினியே. இப்ப சிரிக்கிறா. வாய் நல்லா திறந்திருக்கு, தோள் குலுங்குது. ஆனா... சத்தமே வரலைம்மா."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "வச்சிடாதீங்க. லைன்லயே இருங்க."

அழித்தாள். காட்சி காட்சியாக. கடைசியில் தொகுப்பில் இருந்த அசலையும். அறை அடங்கியது. ஏசி மட்டும்.

"ஐயோ!" போனில் கணவன் அலறினான். "மூச்சு விடலை! பாப்பா மூச்சு விடலை! உதடெல்லாம் நீலமாகுது!"

அழித்ததை மீட்டாள். ஓடவிட்டாள். மகள் சிரித்தாள்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. மூச்சு வந்துடுச்சு." அவன் அழுதான்.

நான்கு விநாடி. முடிந்தது.

"திரும்பவும் நின்னுடுச்சு!"

மறுபடி ஓடவிட்டாள். நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றாள். ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். எப்படிப் போவது? இயந்திரம் நின்றால்? கரண்ட் போனால்?

ஐந்தாம் சுற்று. ஆறு. ஏழு.

எட்டாவதில் ஏதோ மாறியது. ஒலி குறையவில்லை, ஒலி அளவு காட்டும் முள் அதே இடத்தைத் தொட்டுத் திரும்பியது. ஆனால் அவளுடைய காது பத்தொன்பது வருடத்துக் காது. சிரிப்பு தள்ளிப்போயிருந்தது. மைக்குக்குப் பக்கத்திலிருந்து, அரங்கில் ஒரு வரிசை பின்னால் போனதுபோல்.

அடுத்த சுற்றில் இன்னும் ஒரு வரிசை.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. ரொம்ப மெல்ல. எதையோ பார்த்துக்கிட்டே இருக்கா. என்னைப் பார்க்கலை."

இன்னும் ஒரு வரிசை. பெரிய அரங்கின் எதிரொலி அதைச் சுற்றி விரிந்தது. அவள் பதிந்தது தன் வீட்டுப் படுக்கையறையில். அங்கே ஏது எதிரொலி?

"கண்ணு, வேண்டாம். அம்மாகிட்ட வந்துடு" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கெஞ்சினாள்.

சிரிப்பு ஒரு கணம் தயங்கியது. பிறகு, அரங்கின் கடைசி வரிசையில், பழைய மர நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. அந்த ஆட்கள் நகர்ந்து குழந்தைக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.