மூன்று தட்டு

எதிர்வீட்டு டீச்சரம்மாவின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பூட்டிய பிறகும் நாலு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷி அவர். மாடி ஏறி வந்தவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். காதோரம் போனில் வக்கீலம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்க பதில் மனுவோட நகல் திங்கக்கிழமையே அவங்க தரப்புக்குப் போயாச்சும்மா. கொடுத்துத்தானே ஆகணும்?”

“அதுல எல்லாத்தையும் எழுதியிருக்கேனே மேடம்.”

“எழுதினாத்தானே பிள்ளை உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு கோர்ட் நம்பும்?”

அவளையும் ஏழு வயது மகளையும் கணவன் நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தது. அதை ரத்து செய்து பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அவன் மனு போட்டான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகிறாளாம். பெரிய அக்கறை! கதவிடுக்கில் வைத்து அவளுடைய நான்கு விரல்களை நசுக்கிய அதே ஆள்தான்.

ஆத்திரத்தில் அவள் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள். மகள் மூன்றரைக்கு வேனில் வந்து இறங்குவாள், உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். வெளியே அம்மாவே கத்தினாலும் திறக்க மாட்டாள். அம்மாவை அடித்துக் கத்தவைத்துக் கதவைத் திறக்கச் செய்வது அவனுடைய பழைய வேலை. டீச்சரம்மா மெதுவாக மூன்று தட்டு தட்டினால் மட்டும் திறப்பாள். மனுவில் வீட்டு முகவரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். வேன் எண்ணை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

மணி மூன்றே முக்கால். கீழே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும், எங்கோ சுற்றும் வாஷிங் மெஷினின் உறுமலும், வெயிலில் வெந்த சுவரின் சுண்ணாம்பு வாசனையும் தினம்போலவே இருக்க, அவற்றுக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல மூக்கில் ஏறியது. சவரம் செய்த முகத்தில் அவன் தடவிக்கொள்ளும் தைலம். அவள் போனைத் துண்டித்தாள்.

அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கார்ட்டூன் சத்தம். மகள் இருக்கிறாள். போன உயிர் திரும்பி வந்தது.

எதிர்வீட்டுக்குள் யாரோ முனகினார்கள்.

“டீச்சரம்மா?”

உள்ளே போனாள். டீச்சரம்மா தரையில் கிடந்தார். வலது கை மட்டும் மேலே, உள்ளறைக் கதவிடுக்கில் மாட்டித் தொங்கியது. நான்கு விரல்கள். கதவில் ரத்தம் கோடு கோடாக இறங்கியிருந்தது.

“வராதம்மா… மொட்டைமாடிப் படியில நிக்கறான்…”

பின்னால் கதவு அறைந்து மூடியது. வெளித்தாழ் விழுந்தது.

மோதினாள். தோளால். தலையால். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

“திறக்காதடி கண்ணு! திறக்காத!”

கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். அவன் முதுகு. கோர்ட்டுக்குப் போட்டு வரும் அதே வெள்ளைச் சட்டை. கையில் ரத்தம். அவன் திரும்பவில்லை. விரலை மடக்கினான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அத்தனை மெதுவாக.

அவள் அலறினாள். அலறல் காதில் விழுந்தாலும் மகள் மதிக்க மாட்டாள். அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

கார்ட்டூன் சத்தம் நின்றது. தாழ் விலகியது. கதவு கொஞ்சமாகத் திறந்தது.

கதவின் விளிம்பைப் பிடித்தபடி நான்கு குட்டி விரல்கள் வெளியே தெரிந்தன. அவன் கை கைப்பிடியைப் பற்றியது.