ஒரு ஆளுக்கு ஒன்பது

கிட்டப் போகப் போகக் கூடவேண்டிய சிக்னல், கிட்டப் போனதும் குறைந்தது.

சுபோதினி முன்கதவடியில் ஃபோனைப் பிடித்தபடி நின்றாள். கை நீட்டினால் தொடலாம். சப்பாத்துத் தட்டுக்கு மேலே றவுட்டர் நாலு பச்சை விளக்கோடு, ஒரு பாவமும் அறியாத பிள்ளை மாதிரி இருந்தது. ஹோல் நடுவில் நாற்பத்து நாலு காட்டிய ஃபோன் இங்கே நாற்பத்தொன்பது காட்டியது. இது மைனஸ் கணக்கு. எண் ஏறினால் சிக்னல் இறங்குகிறது என்று அர்த்தம். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இதே வாசலடியில் நாற்பது என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் இப்போதும் இருந்தது.

"சனியன் பிடிச்ச பெட்டி," என்றாள் வாய்விட்டு. வீட்டில் கேட்க ஆளில்லை. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் மூன்றாம் மாடி. கீழே நாலரை ரயில் போனபோது யன்னல் கம்பிகள் கிடுகிடுத்து ஓய்ந்தன.

ஆறு மணிக்கு ரொஷேல் வீடியோ கோல் எடுப்பாள். அதற்குள் இதை ஒரு வழிபண்ண வேண்டும். லண்டன் ஆஸ்பத்திரிகளில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் டொக்டருக்கும் நடுவில், வீடியோவில் இருந்தபடி மொழிபெயர்ப்பதுதான் சுபோதினியின் வேலை. வங்கி வேலையை விட்டபிறகு அவளுடையது என்று சொல்ல இது ஒன்றுதான் இருந்தது. போன கிழமை மூன்று தரம் லைன் விழுந்தது. மூன்றாவது தரம், ஒரு தாய்க்கு அவளுடைய பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பற்றி டொக்டர் சொல்லத் தொடங்கிய இடத்தில். அரை நிமிடத்தில் திரும்பி வந்து பார்த்தால், தாய் அழுதுகொண்டிருந்தாள், இன்னும் ஒருவரும் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த முகத்தை நினைத்தால் சுபோதினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேற்பார்வை பார்க்கும் ரொஷேல் நல்லவள்தான், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், ஆனால் நேரடியாகவே சொல்லிவிட்டாள்: இன்றைய பரீட்சையில் லைன் விழுந்தால் வேலை இல்லை.

எல்லாம் அந்த ரொனியால் வந்த வினை. இரண்டு கிழமைக்கு முன் எதிர்வீட்டு வரதராசா மாஸ்ரர் செத்துப்போனார். பிள்ளைகள் ரொறொன்ரோவில். செத்தவீட்டை அவர்கள் பார்க்க லைவ் போட வேண்டும், அந்த வீட்டில் வைஃபை படுமோசம். சுபோதினிதான் நீளமான கேபிள் இழுத்துத் தன் றவுட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு நாள் அது சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்தது. லைவ் போட வந்த ரொனி, "அக்கா, இதுக்கு நல்ல ஃபேர்ம்வெயார் ஒண்டு இருக்கு, போட்டா சிக்னல் பறக்கும்" என்று உள்ளே இருந்த மென்பொருளையே மாற்றிவிட்டான். பறந்தது உண்மைதான், அவளுடைய வேலைதான் பறக்கப் பார்த்தது.

ஆகவே இன்று மூன்று விதமான ஃபேர்ம்வெயாரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு அளக்கிறாள். முதலாவது, கம்பனி தந்த பழையது. அதில் சிக்னல் வாசலடியில் ஒன்பது குறைந்தது. கொப்பியில் எழுதினாள், கோபத்தில் பேனை தாளைக் கிழித்தது.

இரண்டாவது, ரொனி போட்டது. போடும்போது விளக்கெல்லாம் அணைந்து ஐந்து நிமிடம் பெட்டி செத்துக் கிடக்கும், அந்த நேரம் கரண்ட் போனால் பிறகு அது வெறும் செங்கல்தான். அந்த ஐந்து நிமிடமும் ஹோலில் ஒரு சத்தம் இல்லை. விசிறியை நிற்பாட்டியிருந்தாள், கடல் காற்றும் விழுந்திருந்தது, சூடேறிய பிளாஸ்ரிக் மணம் மெல்ல எழும்ப, அதற்கு அடியில் இன்னொரு மணம், மருந்தா, வாடிய பூவா என்று பிடிபடாத ஒன்று, மூக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. குசினியில் ஏதோ ஊசிப்போயிருக்கும் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து எரிச்சல்பட்டாள். விளக்குகள் வந்தன. வாசலடியில் இப்போது அழகாக நாற்பது. அப்பாடா! ஆனால் ஹோல் நடுவில் ஐம்பத்து மூன்று. பழைய கணக்கில் நாற்பத்து நாலு. இரண்டடி விலகினால் சரியாகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் குறைகிறது. ஒரு கதிரை வைக்கும் அகலத்துக்குத்தான் அந்தப் பள்ளம்.

மூன்றாவது, இணையத்தில் ஆளாளுக்குப் புகழும் இலவசமானது. அதில் ஹோல் சரி, வாசல் சரி. அறைக்குப் போகும் நடையில் நாற்பத்தொன்பது காட்ட வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு. வேகமும் பாதியாக விழுந்தது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று றவுட்டரைப் பார்த்துக் கத்தினாள். பிறகு ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் வேலைசெய்யும் கணவன் ராகுலனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"என்னப்பா, இன்னும் அதோட மல்லுக்கட்டுறீரோ?"

"மூண்டையும் போட்டுப் பார்த்திட்டனப்பா. ஒவ்வொண்டும் ஒவ்வொரு இடத்தில விழுகுது. எனக்கு விசர்தான் பிடிக்கப்போகுது."

"அளக்கேக்க ஆரும் குறுக்கால நிண்டவையோ?"

"ஆர் நிக்கிறது? நான் தனியத்தானே."

"இல்ல, ஆள் மறைச்சாலும் குறையுமப்பா. மனுசன் எண்டா முக்கால்வாசி தண்ணிதானே, சிக்னலைக் குடிச்சுப்போடும். வேணுமெண்டா நீரே திரும்பி நிண்டு பாரும். சரி, லொறி வந்திட்டுது, வைக்கிறன்."

பார்த்தாள். ஹோல் நடுவில் நின்று, றவுட்டருக்கு முகம்காட்டி ஃபோனை நெஞ்சடியில் பிடித்தாள்: நாற்பத்து நாலு. அப்படியே முதுகைக் காட்டித் திரும்பினாள், இப்போது நடுவில் அவளுடைய உடம்பு: ஐம்பத்து மூன்று. இன்னொரு தரம். அதே எண். ஒரு ஆள் மறைத்தால் ஒன்பது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது, இவ்வளவு சின்ன விசயமா என்று. பிறகு கொப்பியைப் புரட்டினாள். வாசலடியில் குறைந்தது ஒன்பது. ஹோலில் குறைந்தது ஒன்பது. நடையில் குறைந்தது ஒன்பது.

எட்டுமில்லை, பத்துமில்லை.

நேரத்தையும் பார்த்தாள். நாலரை. ஐந்து. ஐந்தரை. அந்த இடம் மாறியது ஃபேர்ம்வெயாரை மாற்றியதால் அல்ல. அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்து ஹோலுக்கு. ஹோலில் இருந்து நடைக்கு. நடைக்கு அடுத்தது அவளுடைய அறை.

"சும்மா இரடி," என்று தனக்குத்தானே சொன்னாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே ஓடினால் வேலை இல்லை. கீழ்மாடியில் போய் யாருடைய வீட்டில் இருந்து நோயாளியின் கதையை மொழிபெயர்ப்பது? நடையை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டியபடி கடந்தாள். இடது தோளில் குளிர் பட்டது. ஏசி போட்ட கடைவாசலைத் தாண்டுகிற மாதிரி, ஒரு ஆள் அகலத்துக்கு. அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். மடிகணினியைத் திறந்து, ஃபோனை மேசையில் நிமிர்த்தி வைத்தாள்.

ஐம்பத்து மூன்று. அந்த அறையின் மேசையடியில் கிடைக்கக்கூடிய மிக நல்ல எண் அதுதான். குறுக்கே ஒருவரும் இல்லை.

நடையிலும் இல்லை.

அந்த மணம் இப்போது அறைக்குள் இருந்தது.

"ஹலோ சுபோதினி! அட, இன்டைக்கு லைன் பளிச்செண்டு இருக்கே," என்றாள் ரொஷேல். முகம் தெளிவாக வந்தது. சுபோதினிக்குக் கண் கலங்கியது. பரீட்சை தொடங்கியது. ரொஷேல் டொக்டராகப் பேசினாள், சுபோதினி தமிழில் சொன்னாள். ஒரு சொல் தட்டவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எண் அசையவில்லை.

பிறகு ரொஷேல் நிறுத்தினாள்.

"சுபோதினி, ரூல் தெரியும்தானே. ரூமில வேற ஆள் இருக்கக்கூடாது."

"ஒருத்தரும் இல்ல மிஸ்."

"அப்ப அலுமாரியடியில நிக்கிறது யாரு? வயசான ஒருத்தர். உங்கட வலப்பக்கம். அவர வெளிய போகச் சொல்லுங்க, இல்லாட்டி நான் கட் பண்ண வேண்டி வரும்."

வலப்பக்கம். அலுமாரி. திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. மணம் எது என்று இப்போது தெரிந்தது. பிணம் பழுதாகாமல் எம்பாம் பண்ணுகிற மருந்து. எதிர்வீட்டில் இரண்டு நாள் முகர்ந்த அதே மணம்.

"சுபோதினி? சொல்லப் போறீங்களா?"

சொல்லத்தான் வேண்டும். வேலை வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த ஒரு மூத்தவரை, அதுவும் ஒரு வாத்தியாரை, மொட்டையாகப் 'போங்கோ' என்று சொல்ல அவளுக்கு யாரும் பழக்கவில்லை. நாக்கு தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"மாஸ்ரர்... போயிட்டு வாங்கோ."

நிலத்தில் வெறும் கால் தேய்ந்தது. கதவுப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. ஃபோனில் அறுபத்திரண்டு. பிறகு, மெதுவாக, ஐம்பத்து மூன்று.

"தேங்க்ஸ். போயிட்டார்," என்றாள் ரொஷேல். "நீங்க பாஸ். லைன் சுப்பர்."

சுபோதினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாஸ்! அழுது முடிகிற இடத்தில்தான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. செத்தவீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'வாறன்' என்று சொல்லிவிட்டு யாரும் எழும்புவதில்லை, 'வாங்கோ' என்று யாரும் வழியனுப்புவதில்லை, பேசாமல் எழும்பி வந்துவிடுவார்கள். அவள் போன ஒருவரை வா என்று கூப்பிட்டிருக்கிறாள். அதுவும், வாங்கோ. மரியாதைக்கு ஒருவரையும் அப்படித்தான் கூப்பிடுவது. பலரையும் அப்படித்தான்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தபடி கிடந்தது.

ஃபோனில் அறுபத்திரண்டு.

எழுபத்தொன்று.

"சுபோதினி," ரொஷேலின் குரல் உடைந்து உடைந்து வந்தது, "இவங்க... எல்லாம்... யாரு?"

எண்பது.

கால்கள் தேயும் சத்தம். நெருக்கமாக. ஒரு கல்யாண மண்டப வாசலில் சனம் இடித்துக்கொண்டு உள்ளே வருகிற மாதிரி, ஆனால் ஒருவரும் கதைக்கவில்லை.

எண்பத்தொன்பது.

படம் உறைந்தது. திரையில் ரொஷேலின் கண்கள் சுபோதினியைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலாக, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. சுட்டுவிரல் ஒன்று உயர்ந்து நின்றது. அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், எண்ணி முடிக்கவில்லை.